பழைய சேர்வருக்குக் கூடுதல் ஹார்ட் டிஸ்க்: பூட்டுமுன் கணக்கைக் காப்பாற்றுங்கள்



திரியாய்க் குன்றின் பாறைக் கல்வெட்டில் பழங்கால வணிகர் கூட்டத்தாரின் பெயர்கள் ஆயிரம் வருடங்களுக்கு மேலாக அழியாமல் இருக்கின்றன. அதே திரியாயில் எனது கடைக் கணக்கு 2013இல் ஒரே பின்னேரத்தில் அழிந்து போனது.

விதைப்புக் காலத்தில் உரமும் சாமானும் கடனுக்குக் கொடுத்து, அறுவடையில் பணம் வாங்கும் வியாபாரம் என்னுடையது. கணக்கு முழுவதும் பாவித்த சேர்வர் ஒன்றில் இருந்தது. அதில் 36 ஜீபீ ஸ்கஸி டிஸ்க் மூன்று. இடம் நிரம்பியதால் மேலும் இரண்டு பூட்டச் சொன்னேன். பூட்ட வந்தவர் பழைய டிஸ்க்குகளையும் சேர்த்துப் புதிதாகத் தொடங்கும்படி கட்டளை கொடுத்துவிட்டார். பேக்கப் எடுக்கும்படி நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

கடன் கொப்பியில் பாதிதான் இருந்தது. வர வேண்டிய பணத்தை விட, யாராவது கட்டிய பணத்தை மறுபடியும் கேட்டுவிடுவேனோ என்பதே என் பயமாக இருந்தது. இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்காக, பின்னர் நான் படித்துக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலாவது, இலக்கம். ஒரே வயரில் பல ஸ்கஸி டிஸ்க்குகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனி இலக்கம் வேண்டும். அகன்ற வகையில் 0 முதல் 15 வரை உண்டு. 7 பெரும்பாலும் கார்டுக்கே உரியது. ஆகவே 15 டிஸ்க் வரை பூட்டலாம். இரண்டுக்கு ஒரே இலக்கம் கொடுத்தால் குழப்பம்தான்.

இரண்டாவது, டேர்மினேட்டர். வயரின் இரு நுனிகளிலும் சமிக்ஞையை முடித்து வைக்கும் சாமான் இது. இல்லாவிட்டால் சமிக்ஞை திரும்பி மோதும். டிஸ்க் ஒரு நாள் தெரியும், மறுநாள் காணாமல் போகும்.

மூன்றாவது, வகை. 50, 68, 80 ஊசி என மூன்று விதமான முனைகள் உண்டு. 80 ஊசி டிஸ்க், முன்பக்கத் தட்டில் செருகுவது. பெரும்பாலும் அந்தத் தட்டே இலக்கத்தைக் கொடுத்துவிடும். எல்.வி.டி. வகை டிஸ்க்குகளுக்கு நடுவே பழைய எஸ்.ஈ. டிஸ்க் ஒன்றைப் பூட்டினால் வயரில் உள்ள எல்லாமே வேகம் குறையும். எச்.வி.டி. வகையைக் கலக்கவே கூடாது, சாமான் எரிந்து போகலாம்.

நான்காவது, மின்சாரமும் சூடும். டிஸ்க் சுழலத் தொடங்கும்போதுதான் அதிக மின்சாரம் இழுக்கும். பழைய பவர் சப்ளை தாங்குமா என்று பாருங்கள். ஒன்றன்பின் ஒன்றாகச் சுழலவிடும் வசதி இருந்தால் அதைப் பாவியுங்கள்.

ஐந்தாவது, ரெய்ட். நான் விழுந்த குழி இதுதான். ரெய்ட் 5 முறையில் 36 ஜீபீ டிஸ்க் மூன்று இருந்தால் பாவிக்கக் கிடைப்பது 72 ஜீபீதான். ஒரு டிஸ்க் பழுதானாலும் கணக்கு தப்பும். ஆனால் தவறான கட்டளையிலிருந்து எந்த ரெய்டும் காப்பாற்றாது. பழைய தொகுதியை விரிப்பதற்குப் பல மணித்தியாலம் எடுக்கும். இடையில் மின்சாரம் நின்றால் ஆபத்து. அதனால் பழையதைத் தொடாமல், புதிய இரண்டையும் ஒன்றுக்கொன்று பிரதியாக, ரெய்ட் 1 முறையில் தனியாக அமைப்பதே பாதுகாப்பு.

இனி வியாபாரிக்கே உரிய கேள்வி: இது இலாபமா? இன்று புதிய சேர்வர்களில் வருவது சாஸ் போன்ற வேறு வகைகள். அந்தப் பழைய ஸ்கஸி டிஸ்க்கைத் தேடினால் பாவித்ததுதான் அகப்படும். அதன் மீதி ஆயுளை யார் அறிவார்? கணக்கு மென்பொருள் அந்த சேர்வரில் மட்டுமே ஓடும் என்றால் பூட்டுங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தைப் புதிய கணனிக்கு ஒதுக்குங்கள். எப்படியானாலும் முதலில் கணக்கை வெளி டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, வேறு கணனியில் திறந்து பாருங்கள். திறக்காத பேக்கப் பேக்கப்பே அல்ல.

எனக்கு நடந்ததன் முடிவையும் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் சிலர் தாமாகவே வந்து தம் பாக்கியைச் சொன்னார்கள். உறுதியில்லாத கடனை நான் கேட்கவில்லை. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதினால் மட்டும் போதாது, எழுதியதைக் காப்பதும் நம் மீதுள்ள அமானிதமே.

நம் வியாபாரத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. ஆமீன்.