கைக்குள் அடங்கும் மரக்கலம்

திருவள்ளூர் மாவட்டத்தில், கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே உள்ளது தேர்வாய் கண்டிகை. சிப்காட் தொழிற்பூங்காவும், அதனுள் அமைந்த மிச்சலின் டயர் ஆலையும், 2020 நவம்பரில் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கமும் அச்சிற்றூரின் பெயரை நாடறியச் செய்துள்ளன. அவ்வழியே செல்லும் லாரி ஒன்றைச் சற்று நின்று நோக்குங்கள். அதன் டயர் ஏறத்தாழ 1 மீட்டர் விட்டமுடையது. அதனை 24இல் ஒரு பங்காகக் குறுக்கினால் 4 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வரும். 87இல் ஒரு பங்காகக் குறுக்கினாலோ பதினொன்றரை மில்லிமீட்டர். அதாவது ஒரு சட்டைப் பொத்தானின் அளவு! அந்தப் பொத்தானளவு டயரிலும் தடப்பள்ளங்கள் தெரியவேண்டும், சேறு படிந்திருக்கவேண்டும் என்று மாதக்கணக்கில் பாடுபடுவோர் உலகெங்கும் உள்ளனர். மாதிரி செய்தல் என்னும் பொழுதுபோக்கு அத்தகையது.

'இதனால் நமக்கென்ன பயன்?' என்று நீங்கள் கேட்கக்கூடும். பயன் உண்டு, குறிப்பாக, கடலோடு வாழ்ந்த நம் சமுதாயத்திற்கு உண்டு. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பொம்மையும் மாதிரியும்

கடையில் வாங்கும் பொம்மை லாரியில் சக்கரம் பெரிதாகவும் கதவு சிறிதாகவும் இருக்கலாம்; குழந்தை அதனைப் பொருட்படுத்தாது. மாதிரி என்பது எல்லா உறுப்புகளையும் ஒரே விகிதத்தில் குறுக்கிச் செய்யப்படுவது. மேனாடுகளில் 72இல் ஒரு பங்கு என்னும் விகிதம் பெருவழக்காக உள்ளது. 6 அடி என்பது 72 அங்குலம் அல்லவா? எனவே இவ்விகிதத்தில் 6 அடி உயரம் 1 அங்குலமாகிவிடும், கணக்கும் எளிதாகும். 1936இல் பிரிட்டனின் ஃபிராக் நிறுவனம் இவ்விகிதத்தில் பிளாஸ்டிக் விமான உதிரித் தொகுப்புகளை வெளியிட்டது. 1952இல் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 'கோல்டன் ஹைண்டு' என்னும் பழங்கப்பலின் தொகுப்பைக் குறைந்த விலைக்கு விற்றபின், இப்பொழுதுபோக்கு எளிய மக்களின் இல்லங்களிலும் நுழைந்தது.

எனினும், இக்கலை மேனாட்டாருக்கு மட்டும் உரியதன்று. நீர்த்தாவரத்தின் வெண்மையான தக்கையைச் சீவி, பெருங்கட்டடங்களின் வடிவைக் கையளவில் அமைக்கும் தஞ்சாவூர் நெட்டி வேலை 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. கேரளத்துப் பேப்பூரில் அரபு நாட்டாருக்காக 'உரு' எனப்படும் பெரும் மரக்கப்பல்களைக் கட்டிய தச்சர்கள், வரைபடமின்றிக் கணக்கை நெஞ்சில் வைத்தே கட்டினர். இன்று அவ்வூரில் உருவின் சிறு மாதிரிகளும் செய்து விற்கப்படுகின்றன.

நம் கலங்கள் எங்கே?

தேர்வாய் கண்டிகையிலிருந்து கிழக்கே சென்றால் கடலும் ஏரியும் கூடும் பழவேற்காட்டை அடையலாம். 1613இல் டச்சுக்காரர்கள் அங்கு கோட்டை கட்டுவதற்கு முன்பே கடல் வாணிகத்தில் பெயர்பெற்ற துறை அது. நெடுங்காலமாகத் தமிழ் முஸ்லிம்கள் வாழ்ந்துவரும் ஊரும் அதுவே. பழவேற்காடு முதல் காயல்பட்டினம் வரை நம் முன்னோர் கலம் செலுத்தினர். 'மரக்காயர்' என்னும் பெயருக்கு 'மரக்கலம்' என்னும் சொல்லையே வேராகக் காட்டுவோர் பலர். ஆயினும், நம் வீடுகளில் அக்கலத்தின் வடிவம் எங்கே இருக்கிறது? பாட்டனார் கொண்டுவந்த பீங்கான் தட்டு அலமாரியில் இருக்கும். அவரைச் சுமந்துசென்ற தோணி எத்தனை முழம் என்று கேட்டால் விடை சொல்ல ஆளிருக்காது.

அயலார் ஒருவர் செய்த பணியைக் கேளுங்கள். பிரெஞ்சுக் கடற்படையில் பணியாற்றிய ஃபிரான்சுவா எட்மன் பாரி (1806 - 1893) தம் கடற்பயணங்களில் சென்ற இடமெல்லாம் உள்ளூர்ப் படகுகளை அளந்து வரைந்தார். சோழமண்டலக் கரையின் தோணி, சலங்கு, கட்டுமரம் ஆகியவையும் அவர் ஏட்டில் இடம்பெற்றன. 1840களில் அவ்வரைபடங்கள் பெருநூலாக வெளிவந்தன. 1871இல் பாரிஸ் கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பை ஏற்றபின், அவ்வரைபடங்களைக் கொண்டே மாதிரிகளையும் செய்வித்தார். கலங்கள் மக்கிப் போயின. அவர் குறித்துவைத்த அளவுகள் எஞ்சின.

அணியம், ஏரா, வங்கு, பருமல், சுக்கான், ஆலாத்து என்ற சொற்களை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? முகப்பு அணியம், அடிமரம் ஏரா, விலா எலும்புபோல் நிற்பவை வங்குகள், பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல், பெருங்கயிறு ஆலாத்து. அகராதி சொற்பொருளைத் தரும். ஏரா எவ்வளவு தடிமன், வங்குகளுக்கிடையே எத்தனை விரற்கடை என்பதையெல்லாம் கட்டியவரோ ஓட்டியவரோதான் சொல்லவேண்டும். கீழக்கரையிலும் பரங்கிப்பேட்டையிலும் நாகூரிலும் அத்தகைய முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். மாதிரி செய்ய அமரும் பிள்ளை அவர்களிடம் போய்க் கேட்டே தீரவேண்டும். அளவு தெரியாமல் ஒரு குச்சியைக்கூட அவன் நறுக்க முடியாது. இப்பொழுதுபோக்கின் மேலான பயன் இதுவே.

மார்க்க நோக்கில்

'உருவங்கள் செய்வது ஆகுமா?' என்ற ஐயம் எழுவது இயல்பு. உருவங்கள் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் எச்சரிக்கையை அவருக்கு எடுத்துக்கூறி, செய்துதான் ஆகவேண்டுமெனில் மரங்களையும் உயிரற்ற பொருள்களையும் செய்யுமாறு அவர்கள் அறிவுரைத்த செய்தி புகாரியில் உள்ளது. கப்பல், வீடு, பள்ளிவாசல், பாலம், லாரி என நாம் கூறுபவை யாவும் உயிரற்றவையே. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொருள்களுள் துணியால் சிறகு தைத்த குதிரையொன்று இருந்ததையும், அதைப் பற்றி அவர்கள் கூறிய விடையைக் கேட்டு நபிகளார் (ஸல்) அவர்கள் வாய்விட்டுச் சிரித்ததையும் அபூதாவூத் வாயிலாக அறிகிறோம். பிள்ளைகளின் விளையாட்டை மகிழ்வோடு நோக்கும் பண்பு அதில் விளங்குகிறது.

வீண்விரயம் கூடாது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். விலையுயர்ந்த வெளிநாட்டுத் தொகுப்புகள் தேவையில்லை. அட்டை, மூங்கில், ஐஸ் குச்சி, நெட்டி, நூல், பசை, உப்புத்தாள் ஆகியவை போதும். தொழுகை நேரத்தையும் பாடநேரத்தையும் இது விழுங்காதவாறு பெற்றோர் பார்த்துக்கொள்க.

செய்யும் முறை

முதலில், நேரில் சென்று அளக்கக்கூடிய பொருளைத் தேர்ந்தெடுங்கள். கரையேற்றிய படகாயின் உரியவரிடம் அனுமதி பெற்று, நாடாவால் நீளம், அகலம், ஆழம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பல பக்கங்களிலிருந்து படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத்திற்கு 50இல் ஒரு பங்கு என்னும் விகிதம் ஏற்றது. 1 மீட்டர் 2 சென்டிமீட்டராகும். 20 மீட்டர் தோணி 40 சென்டிமீட்டரில் அடங்கும். 25 சென்டிமீட்டர் அகலப் பலகை 5 மில்லிமீட்டராகும். 5 சென்டிமீட்டர் தடித்த ஆலாத்துக்கு 1 மில்லிமீட்டர் நூல் வேண்டும். கையில் கிடைத்த சணலைக் கட்டினால் தோணி பொம்மையாகிவிடும். நீளம் 50இல் ஒரு பங்கானால் கொள்ளளவு 1,25,000இல் ஒரு பங்காகும் என்பதையும் பிள்ளையைக் கணக்கிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கன அளவைப் பாடம் அவன் நெஞ்சில் பதிந்துவிடும்.

மெய்யான கலம் கட்டும் முறையிலேயே கட்டுங்கள். ஏராவை நிறுத்தி, வங்குகளைப் பொருத்தி, பசை நன்கு உலர்ந்தபின் இருபுறமும் மாறிமாறிப் பலகை ஒட்டுக. ஒருபுறத்தை முதலில் முடித்தால் கலம் கோணிவிடும். கத்தி வேலையின்போது பெரியவர் ஒருவர் உடனிருத்தல் நன்று. வண்ணம் பூசும் அறையில் சாளரம் திறந்திருக்கட்டும்.

நுணுக்க வேலைதான் மாதிரிக்கு மெய்த்தன்மை தருவது. கடலில் உழைத்த மரம் பளபளக்காது. உப்பும் வெயிலும் அதனைச் சாம்பல் நிறமாக்கும். வண்ணத்தை நீர்க்கக் கரைத்து, மெல்லிய பூச்சாகப் பலமுறை பூசுங்கள். ஆணித் தலையருகே துருவின் செந்நிறம் ஒரு புள்ளி போதும். அளவை உணர்த்த மனித உருவம் நிறுத்துவது மேனாட்டார் வழக்கம். நாம் 2 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர்ப் பீப்பாயையோ சிறு ஏணியையோ தளத்தில் வைத்தால், காண்பவர் கண் தானே கணக்கிட்டுக்கொள்ளும்.

இறுதியாக, ஒரு தாளில் கலத்தின் பெயர், ஊர், மெய்யளவு, விகிதம், உறுப்புகளின் பெயர்கள், அவற்றைச் சொல்லித் தந்தவர் பெயர், செய்த நாள் ஆகியவற்றை எழுதி மாதிரியின் அடியில் ஒட்டுங்கள். நாளை மாதிரி உடைந்தாலும் அத்தாளிலிருந்து மற்றொன்று செய்யலாம்.

பெற்றோர்களுக்கு

இது ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமான பணியன்று. பூத்தையலில் நுண்மை காட்டும் நம் பெண்மக்களின் விரல்களுக்குப் பாய்மரக் கயிறு கட்டுவது எளிதாகவே கைவரும். தேர்வாய் கண்டிகை போன்ற இடங்களில் வளரும் பிள்ளைகள் நாளை ஆலைகளில் பணியேற்கக்கூடும். மில்லிமீட்டரை மதிக்கும் பழக்கம் அங்கு அவர்களுக்குக் கைகொடுக்கும்.

வரும் விடுமுறையில் உங்கள் பிள்ளையை ஒரு நாடாவோடும் குறிப்பேட்டோடும் உங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் அனுப்பிவையுங்கள். அவர் தம் இளமையில் ஏறிய கலத்தைப் பற்றி ஸலாம் சொல்லிக் கேட்கட்டும். அவர் மகிழ்வோடு சொல்வார். இன்ஷா அல்லாஹ், உங்கள் அலமாரியில் அந்தப் பீங்கான் தட்டின் அருகே ஒரு தோணியும் இடம்பெறும்.