புறாவும் வல்லூறும்

புறா வளர்ப்பைப் பற்றிப் பேச வேண்டுமென்று நிலையத்தார் கேட்டபோது சற்றுத் தயங்கினேன். புறா வளர்ப்பவன் தன் புறாக்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால், கேட்பவர் எழுந்து போகும்வரை நிறுத்தமாட்டான். வானொலியிலோ, நேயர்கள் எழுந்து போவது அவன் கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. ஆகையால் விஷயத்தில் ஒரு சிறு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஆசையோடு வளர்த்த புறாவைக் கொன்றுண்ணும் பறவைகளுக்குப் பறிகொடாமல் காப்பது எவ்வாறு என்பதே அப்பகுதி.

சிபிச் சக்கரவர்த்தியின் கதையை அறியாதவர் நம்மில் இல்லை. சோழரைப் பாடிய புறநானூற்றுப் புலவர்கள், புறாவைக் காத்தவன் மரபில் வந்தவர்கள் என்று அவர்களைப் போற்றியிருக்கிறார்கள். இக்கதையில் புறாவையும் அரசனையும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். துரத்தி வந்த பறவையை மறந்துவிடுகிறோம். பசித்த பறவை தன் உணவைக் கேட்டது. அந்தக் கேள்வியில் நியாயம் உண்டென்று ஒப்புக்கொண்டதனாலன்றோ அரசன் தராசில் ஏறினான்? நம்மால் தராசில் ஏற இயலாது. ஆனால் கம்பிவலை வாங்க இயலும்.

நான் பிறந்து வளர்ந்தது பொன்னேரிக்குக் கிழக்கே, பழவேற்காட்டு ஏரிக்கரையிலுள்ள மீனவர் குப்பமொன்றில். ஆந்திரத்திலும் தமிழகத்திலுமாகப் பரந்து கிடக்கும் இவ்வேரி, உவர்நீர்க் காயல்களில் ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடி நம் நாட்டில் பெரியது. மழைக்காலம் பிறந்ததும் பூநாரைகளும் வாத்துகளும் உள்ளான்களும் ஆயிரக்கணக்கில் வந்திறங்கும். அவற்றைக் காண வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பலர். அந்தக் கூட்டத்தின் பின்னாலேயே அதை உண்ண வருகிற விருந்தாளிகளும் உண்டென்பதைப் புறா வளர்ப்பவன் மட்டுமே கவலையோடு கவனிக்கிறான்.

எனக்கு வயது 17 இருக்கும்போது கொல்லையில் இருபது புறாக்கள் வைத்திருந்தேன். ஒரு கார்த்திகை மாதத்தில், பத்து நாட்களுக்குள் நான்கு இளம்புறாக்கள் போயின. அண்ணாந்து பார்த்தால் பருந்துகளுக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லை. படகுகள் கரையேறி மீன் பிரிக்கும் நேரத்தில் கரும்பருந்தும் செம்பருந்தும் தலைக்குமேல் வட்டமிட்டுக்கொண்டே இருக்கும். திருடர் இவர்களே என்று தீர்மானித்தேன். இறந்த புறா ஒன்றில் வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தடவி மணல்மேட்டில் வைத்தேன். மறுநாள் காலையில் அங்கே ஒரு செம்பருந்து சிறகு விரித்தபடி செத்துக் கிடந்தது. சற்றுத் தள்ளி எங்கள் தெரு நாயும் கிடந்தது.

செம்பருந்து வானத்தில் தென்பட்டாலே கன்னத்தில் போட்டுக்கொள்ளும் வழக்கமுடையவள் என் ஆயா. "கருடனையாடா கொன்றாய்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அன்று அவள் சோறு உண்ணவில்லை. அன்று மாலையே என்னுடைய ஐந்தாவது புறாவும் போயிற்று. கூட்டைவிட்டு வெளிவந்து நான்கு நாளே ஆன குஞ்சு அது. இம்முறை எடுத்துச் சென்ற பறவையைக் கண்ணாரக் கண்டேன். அது கரும்பருந்தும் அன்று, செம்பருந்தும் அன்று. சவுக்குத் தோப்பிலிருந்து தரையோடு தரையாகத் தாழப் பறந்து வந்த, புறாவின் பருமனே உள்ள சாம்பல் நிறப் பறவை.

அன்று நான் கற்றுக்கொண்ட முதற்பாடம், வானத்தில் தெரிகிறவன் திருடன் அல்லன் என்பது. கரும்பருந்தும் செம்பருந்தும் பெரும்பாலும் பொறுக்கித் தின்பவை. செத்த மீன், நண்டு, மீன்குடல், எலி ஆகியவை கிடைக்கும் கரையில், நல்ல உடல்நலத்தோடு பறக்கும் புறாவைத் துரத்தும் சிரமத்தை அவை மேற்கொள்வதில்லை. கோழிக்குஞ்சைத் தூக்கும் என்பது மெய்தான். நோயுற்ற புறாவையும் விடமாட்டா. ஏரிக்கு மேல் நின்று நின்று பறக்கும் விரலடிப்பானோ, மீனைத் தவிர மற்றொன்றைப் பெரும்பாலும் ஏறெடுத்தும் பாராது.

மெய்யான பகைவர் இருவர். ஒருவர் உள்ளூர்வாசி. வல்லூறு என்றும் வைரி என்றும் சொல்லப்படும் அந்தச் சிறு பறவைதான் நான் கண்டது. குட்டையான சிறகும் நீண்ட வாலும் உடைய இது, மரக்கிளையில் மறைந்திருந்து திடீரெனப் பாயும். ஓணான், அணில், சிறு குருவி முதலியவையே இதன் அன்றாட உணவு. வளர்ந்த புறா இதற்குச் சற்று மிஞ்சிய சுமை. ஆயினும் குஞ்சும் இளம்புறாவும் தனியே அகப்பட்டால் தப்புவதில்லை.

மற்றொருவர் அயலூரார். பொரி வல்லூறு என்பது இதன் பெயர். நீண்டு கூர்ந்த சிறகும், கன்னத்தில் மீசை போன்ற கரும்பட்டையும் அடையாளம். வடதுருவத்தை அடுத்த பனிவெளிகளில் குஞ்சு பொரிக்கும் இனமொன்று ஐப்பசி வாக்கில் நம் கடற்கரைக்கு வந்து, பங்குனி வரையில் தங்குகிறது. இது பறக்கும் பறவையை வானத்திலேயே அடிப்பது. மிக உயரத்திலிருந்து சிறகை ஒடுக்கிக்கொண்டு மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் கீழ்நோக்கிப் பாயும். அந்தப் பாய்ச்சலை நான் ஒருமுறை பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதைவிடக் கேட்டேன் என்பதே பொருந்தும். துணி கிழிவது போன்ற ஓசை ஒன்று. பிறகு காற்றில் மிதந்து இறங்கிய சில வெள்ளைச் சிறகுகள். அவை என் சிறகுகள் என்றே அப்போது தோன்றியது.

சென்னையின் வடபகுதியில் புறாப் பந்தயம் விடும் அன்பர்களுக்கு இப்பறவையைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஹோமர் என்னும் வீடு திரும்பும் புறாக்களைக் கூடைகளில் அடைத்துச் சென்னை-கூடூர் இருப்புப்பாதை வழியே கொண்டுபோய், முதலில் பொன்னேரி, பிறகு கும்மிடிப்பூண்டி, சூலூர்ப்பேட்டை, நாயுடுப்பேட்டை என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே பறக்கவிட்டுப் பழக்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவை வீடு திரும்பும் வழி ஏரியை ஒட்டிச் செல்கிறது. வெயில் கொடுமை இல்லாத மாதங்களே பந்தயத்துக்கு உகந்தவை. பொரி வல்லூறு இங்கே தங்கும் மாதங்களும் அவையே. எந்த ஏற்பாட்டாலும் முற்றும் தீராத சங்கடம் இது.

கொன்றால் தீராதா என்று கேட்பவர்கள் உண்டு. 1940ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் அரசாங்கம் அதைச் செய்து பார்த்தது. போர்க்காலத்தில் செய்தி கொண்டுவரும் புறாக்களைக் காப்பதற்காகப் பொரி வல்லூறுகளை ஒழிக்க உத்தரவிட்டு, ஏறத்தாழ 600 பறவைகளைச் சுட்டுக் கொன்றனர். போர் முடிந்தபின் பறவைகள் மெல்லத் திரும்பி வந்தன. 1960ஆம் ஆண்டளவில் அந்நாட்டுப் புறாப் பந்தயக்காரர்கள், வல்லூறுகள் பெருகிவிட்டன என்று மறுபடியும் முறையிட்டார்கள். டெரெக் ராட்கிளிஃப் என்னும் அறிஞரிடம் கணக்கெடுக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. அவர் கண்டதோ நேர்மாறு. கூடுகள் வெறுமையாகக் கிடந்தன. பூச்சிமருந்து கலந்த தானியத்தைத் தின்ற பறவைகளை வல்லூறுகள் தின்று மடிந்திருந்தன, டி.டி.டி.யினால் முட்டையோடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் கீழேயே உடைந்திருந்தது. இச்செய்தியைப் படித்த அன்று மணல்மேட்டில் கிடந்த செம்பருந்தை நான் மீண்டும் நினைத்துக்கொண்டேன்.

நம் நாட்டிலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்பறவைகளைக் கொல்லுவதும் பிடிப்பதும் குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு வல்லூறைக் கொன்றால் காலியான இடத்துக்கு வேறொன்று வந்து சேருகிறது. காவல் செய்ய வேண்டிய இடம் வானம் அன்று, கூண்டு.

கூண்டைத் தரையிலிருந்து மூன்று முழ உயரத்தில் சவுக்குக் கால்களின்மீது அமையுங்கள். ஒவ்வொரு காலிலும் நடுவே ஒரு முழ அகலத்துக்குத் தகரத்தைச் சுற்றி அடித்தால் எலியும் பூனையும் ஏறமாட்டா. வலை அரை அங்குலக் கண்ணுக்கு மேற்படலாகாது. ஓர் அங்குலக் கண் வல்லூறைத் தடுக்கும்; சுண்டெலியையும் சிறு பாம்பையும் தடுக்காது. உட்காரும் கட்டைகளை வலையையொட்டி வைப்பது பலர் செய்யும் தவறு. இரவில் வலையோரம் உறங்கும் புறாவின் காலை வெளியிலிருந்து பூனை பற்றியிழுப்பதுண்டு. கூண்டின் கீழ்ப்பாதியைப் பலகையால் அடைத்துவிடுவது நல்லது.

எங்கள் குப்பத்தில் கிழிந்த நைலான் வலைக்குக் குறைவில்லை. அதைக் கூண்டின் முன் முற்றத்துக்கு மேல் கூரைபோல் கட்டலாம், செலவில்லை. ஆனால் முறுக்கி இழுத்துக் கட்ட வேண்டும். தொய்ந்த வலையில் முதலில் சிக்குவது வல்லூறு அன்று, நம் புறாவே. எலி தின்று நமக்கு உதவும் கூகை ஒன்றும் என் தொய்ந்த வலையில் ஓரிரவு சிக்கிக்கொண்டது. அதை விடுவிப்பதற்குள் என் விரல்கள் பட்ட பாடு தனிக் கதை.

வாயிலில் மேலிருந்து தொங்கும் கம்பிகளை வரிசையாக அமைத்து, அடியில் ஒரு சட்டம் வைத்தால், புறா தள்ளிக்கொண்டு உள்ளே வரலாம். வெளியே போக இயலாது. வல்லூறு துரத்தி வரும்போது கதவு திறக்க ஆள் தேட வேண்டியதில்லை. ஆயினும் புறா உடனே உள்ளே நுழைய வேண்டுமே! வயிறு நிறைந்த புறா கூரைமேல் உட்கார்ந்து சிறகு கோதிக்கொண்டிருக்கும். வல்லூறுக்கு அதைவிட நல்ல தருணம் வாய்க்காது. ஆகையால் பறக்கவிடுமுன் தீனி கூடாது. ஒரே சீழ்க்கையொலிக்குப் பழக்கி, அவ்வொலி கேட்டதும் கூண்டுக்குள் கம்பும் சோளமும் பயறும் கிடைக்கும் என்று அவை அறியும்படி செய்யுங்கள்.

நேரமும் ஒரு காவல். விடியற்பொழுதும் மாலைப்பொழுதும் வேட்டைக்குரியவை. தினமும் ஆறு மணிக்குக் கதவு திறக்கும் வீட்டை வல்லூறு ஒரு வாரத்தில் கற்றுக்கொள்கிறது. நான் வைத்திருந்த கடிகாரத்தைவிட அது ஒழுங்காக வந்தது. ஆகவே நேரத்தை மாற்றிக்கொண்டே இருங்கள். பளபளக்கும் தகடுகளும் பொம்மைகளும் சில நாள் அச்சுறுத்தும். பிறகு அவற்றின்மேலேயே அது உட்காரும். காக்கைகளையும் கரிச்சானையும் மட்டும் விரட்டாதீர்கள். நமக்கு முன்பே அவை வல்லூறைக் கண்டு கூச்சலிடுகின்றன. எத்தனை கர்ணம் அடிக்கும் புறாவாயினும் தனியே விடுவது பிழை. கூட்டத்தில் ஒரு நிறமும் தன்னில் மட்டும் வேறு நிறமுமாக ஒரு புறா இருந்தால் அதன்மேல் கண் விழுவது இயல்பு என்று பெரியவர்கள் சொல்வார்கள். கலிபோர்னியாவில் டேவிஸ் என்னும் ஊரில் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று வேறு விந்தை சொல்கிறது. இடுப்புப்பகுதி வெண்மையாக உள்ள புறாக்கள் பொரி வல்லூறின் பாய்ச்சலிலிருந்து மிகுதியாகத் தப்பினவாம். புறா சட்டெனப் புரளும்போது அவ்வெண்மை துரத்தும் கண்ணை மயக்குகிறது என்பது அவர்கள் கருத்து.

புறா காணாமற்போனால் உடனே வானத்தைத் திட்டாமல் தரையைப் பாருங்கள். சிறகுகள் அடிக்காம்போடு முழுமையாகப் பிடுங்கப்பட்டு ஓரிடத்தில் குவிந்திருந்தால் பறவையின் வேலை. காம்பு மெல்லப்பட்டு நடுவே அறுபட்டிருந்தால் பூனையோ கீரியோ. சிறகொன்றும் சிந்தாமல் முட்டையும் குஞ்சும் மறைந்தால் சாரைப்பாம்பைத் தேடுங்கள். என் கணக்கேட்டில் பத்து ஆண்டுகளாக ஒவ்வோர் இழப்பையும் இவ்வாறு பார்த்துக் குறித்து வருகிறேன். பாதிக்கு மேல் பூனையின் பற்றிலேயே ஏறியிருக்கிறது.

இப்போதெல்லாம் ஐப்பசி பிறந்தால் என் கூண்டில் முட்டைகளை அடைகாக்க விடுவதில்லை. குஞ்சுகள் பறக்கக் கற்கும் நாட்கள் சித்திரைக்குப் பின் வருமாறு ஜோடி சேர்க்கிறேன். குளிர்காலத்தில் புறாக்கள் பெரும்பாலும் வலைக்கூரையின் கீழேயே உலவுகின்றன. பங்குனி முடிவில் ஏரியில் வாத்துக்கூட்டம் குறையத் தொடங்கும். கலங்கரை விளக்கத்தின்மேல் உட்கார்ந்திருக்கும் அந்தக் கூர்ஞ்சிறகுப் பறவையும் ஒருநாள் காலையில் இராது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் கதவைத் திறந்துவிடுவேன்.