எக்ஸ்ரே படத்தில் கிருமி தெரியுமா?



ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்பவர்கள் வாரக்கணக்கில் இருமினாலும், "தோல் தூசிங்க, வேற ஒண்ணுமில்லே" என்று இருந்துவிடலாகாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அது காசநோயாகவும் இருக்கலாம்.

எக்ஸ்ரேயில் கிருமி தெரியாது. அது நுரையீரலில் செய்த கெடுதலின் நிழல்தான் தெரியும். கிருமியைக் காட்டிக் கொடுப்பது சளிப் பரிசோதனை. கிருமிகள் உதிர்க்கும் நுண்குமிழிகளுக்கு அடையாளமிட்டு, உடம்பில் அவை போகும் வழியைப் படமெடுக்கும் ஆராய்ச்சி எலிகளிடம் நடக்கிறது. அது இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. ஆகவே சளியும் எக்ஸ்ரேயும்தான் இன்று நமக்குத் துணை. கர்ப்பமாயிருந்தால் படமெடுக்குமுன் சொல்லிவிடுங்கள்.

நோய் என்று தெரிந்தால் மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டுமா? வேண்டாம். வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் குணமாகும் என்று சென்னையில் நடந்த ஆராய்ச்சி 1959-லேயே காட்டியது. சாதாரணக் காசநோய்க்கு 6 மாத மருந்து. அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். இருமல் நின்றதும் மருந்தை நிறுத்தாதீர்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: இம்மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின், மாலா-என் போன்ற கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். அப்போது நிரோத், காப்பர்-டி பற்றி நர்சம்மாவிடம் கேளுங்கள்.

இருவரும் சேர்ந்தே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்!