கிள்ளையும் மூன்று படங்களும்

பிச்சாவரத்து உப்பங்கழிகளில் காட்சிகள் எடுக்கப்பெற்ற ‘இதயக்கனி’ (1975) கிள்ளைவாசிகளுக்குப் பெருமை தருவது இயல்பே. எனினும் நமது வரிசையில் அதற்கு மூன்றாமிடமே. சுரபுன்னைக் காட்டின் எழில் கதையில் இல்லை.

இரண்டாவது, கல்கியின் கதையை கே. சுப்பிரமணியம் படமாக்கிய ‘தியாக பூமி’ (1939). பிரிட்டிஷ் சர்க்கார் விதித்த தடையே அதற்கு நற்சாட்சிப் பத்திரம்.

முதலிடம், தண்டபாணி தேசிகர் நடித்த ‘நந்தனா’ருக்கே (1942). உழவனொருவன் ஆண்டையிடம் விடை கெஞ்சி, தீயில் மூழ்கி எழுந்த பின்னரே தில்லைக் கோயிலுட் புகுந்த கதை அது. வெளியூரார் அதனைப் பக்திச் சித்திரமெனக் கண்டு களிக்கலாம். தில்லையை அடுத்து வாழும் நமக்கோ அது நம் வீட்டு வழக்கு. தேசிகரின் இசையில் உருகிக் கண்ணீர் சொரிகிறோம். அத்தீயை மூட்டியவர் யாவர் என வினவ மட்டும் மறந்துவிடுகிறோம்.