சவுக்கு: ஏழை மண்ணின் தோழன்

நான் மயிலாப்பூரில் வளர்ந்தவன். என் தந்தையார் கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் தொழிலாளி. என் பாட்டி சோறு வடித்தது விறகுத் தொட்டியில் வாங்கிய சவுக்குக் கட்டையில். என் பள்ளிக் கட்டணம் வந்தது சவுக்குக் கம்பில் ஏறிய கூலியில். ஆயினும், இக்கல்லூரியில் தாவரவியல் மாணவனாகச் சேரும் வரை அம்மரத்தைப் பற்றி நான் அறிந்தது ஒன்றுமில்லை. அந்த வெட்கமே இக்கட்டுரைக்குக் காரணம்.

ஒரு நாள் வகுப்பில், காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் தாவரங்களைப் பற்றிய பாடம். அவரை, துவரை போன்ற பயறு இனங்களைச் சொல்லி முடித்த பேராசிரியர், பயறு இனமல்லாத இரு மரங்களின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதினார்: ஆல்னஸ், கேசுவரைனா. ஆல்னஸ் என்பது ஆல்டர் மரம். "கேசுவரைனாவை உங்களுக்குத் தெரியும். அதுதான் சவுக்கு" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

இமயத்து உறவினன்

ஆல்டர் குளிர்நாட்டு மரம். ஐரோப்பாவில் ஆற்றங்கரைகளிலும் சதுப்பு நிலங்களிலும் வளர்வது. அதன் ஓரினம் நம் இமயமலைச் சரிவுகளிலும் உண்டு. சிக்கிமில் பெரிய ஏலக்காய்த் தோட்டங்களுக்கு நிழல் தருவது அதுவே. நாகாலாந்தின் கொனோமா ஊரில் அங்காமி மக்கள் அதை வேரோடு வெட்டுவதில்லை. தலையை மட்டும் தறித்துவிட்டு, மரங்களுக்கிடையே பயிரிடுகின்றனர். மரம் மீண்டும் துளிர்க்கிறது, மண்ணும் வளமிழப்பதில்லை.

ஆல்டரும் சவுக்கும் ஃபேகேலிஸ் என்ற ஒரே துறையைச் சேர்ந்தவை. இரண்டின் வேர்களிலும் ஃபிரான்கியா என்னும் இழை வடிவப் பாக்டீரியா முண்டுகளை உண்டாக்கி வாழ்கிறது. காற்றில் 78 சதவிகிதம் நைட்ரஜன் இருந்தும் மரங்கள் அதை நேரே உண்ண முடியாது. ஃபிரான்கியா அதை அம்மோனியாவாக மாற்றித் தருகிறது. கூலியாக மரம் அதற்குச் சர்க்கரை தருகிறது. உப்புக் காற்றும் வெறும் மணலும் உள்ள இடத்திலும் சவுக்கு செழிப்பதற்கு இந்தக் கூட்டுறவே பெரிதும் காரணம். ஆகவேதான், பழைய சவுக்குத் தோப்பின் மண்ணையோ நசுக்கிய வேர்முண்டுகளையோ நாற்றங்காலில் கலக்கும் வழக்கம் ஏற்பட்டது.

ஊசி இலை அல்ல

சவுக்கைப் பைன் மரத்தின் இனம் என்று எண்ணுவோர் பலர். நானும் அப்படியே எண்ணியிருந்தேன். இது பூக்கும் தாவரம். நாம் ஊசி இலை என்று எண்ணுவது உண்மையில் கணுக்கள் கொண்ட மெல்லிய பசுங்கிளை. சிறுவயதில் அதைக் கணுவில் பிரித்து, மீண்டும் செருகி, 'எங்கே ஒடித்தேன் சொல்' என்று விளையாடியிருப்பீர்கள். அந்தக் கணுவைச் சுற்றிப் பல்லைப் போல் நிற்கும் ஆறேழு சிறு செதில்களே இலைகள். இலை இவ்வளவு சிறிதாக இருப்பதால் நீரிழப்பு குறைவு. பைனைப் போன்ற சிறு கூம்புகள் தோன்றுவதும் ஆல்டருக்கும் சவுக்குக்கும் உள்ள மற்றோர் ஒற்றுமை.

வந்தவன் செய்த தொண்டு

சவுக்கு நம் சங்கப் புலவர்கள் அறியாத மரம். நெய்தல் நிலத்துக்கு அவர்கள் பாடியவை புன்னையும் தாழையும் ஞாழலும். கபாலீசுவரர் கோயிலின் தலமரமும் புன்னையே. சவுக்கு 19ஆம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களுக்கு விறகு வேண்டி இக்கடற்கரையில் பெருமளவில் நடப்பட்டது. அதன் விறகு பச்சையாக இருக்கும்போதே எரியும், சூடும் மிகுதி.

எஞ்சின்கள் போயின, சவுக்கு போகவில்லை. இன்று விழுப்புரம், கடலூர்ப் பகுதி உழவர்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் வெட்டும் பயிராகவே இதை வளர்க்கின்றனர். மெல்லிய கம்புகள் பந்தலுக்கும் வாழைக்கு முட்டுக் கொடுக்கவும், பருத்தவை சாரத்துக்கும், எஞ்சியவை அடுப்புக்கும் போகின்றன. கரூர் மாவட்டத்துக் காகித ஆலைக்குக் கரும்புச் சக்கையுடன் சவுக்கு மரக்கூழும் தேவைப்படுகிறது. தியாகராய நகரில் எழும் பெரிய கட்டடங்களில் இரும்புக் குழாய்ச் சாரம் வந்துவிட்டது; என் தந்தையாருக்கு வேலையும் குறைந்துவிட்டது. ஆனால் பங்குனியில் அறுபத்து மூவர் விழா வந்தால், நீர்மோர்ப் பந்தலுக்கு இன்றும் சவுக்குக் கம்பைத்தான் தேடுகிறோம்.

காவலனா, இடையூறா?

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் சவுக்கின் புகழ் உயர்ந்தது. கடலூர் மாவட்டத்தில், அலையாத்திக் காடும் சவுக்குத் தோப்பும் முன்னே நின்ற ஊர்களில் சேதம் குறைவு என்று 2005இல் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வெளிவந்தது. கடலிலிருந்து ஊர் இருந்த தொலைவும் நிலத்தின் உயரமுமே முக்கியக் காரணம் என்று வேறு அறிஞர் மறுத்தனர். எனினும், கரை நெடுகச் சவுக்கு நடும் பணி வேகம் பெற்றது.

இதன் மறுபக்கத்தை நான் ஓர் இரவில் அறிந்தேன். 1988 முதல் நம் போன்ற மாணவர்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவில் நடந்து, கடலாமை முட்டைகளைத் திரட்டிக் காத்து வருகின்றனர். சென்ற பருவத்தில் நானும் அவர்களுடன் நடந்தேன். பங்குனி ஆமைக்கு வேண்டியது திறந்த, இளகிய மணல். அலை தொடும் இடம் வரை சவுக்கு நட்டால், அதன் வேர்கள் ஆமைக்குக் குழி தோண்ட இடம் தருவதில்லை. நிழல் மணலைக் குளிரவைக்கிறது. முட்டையிலிருந்து வருவது ஆணா பெண்ணா என்பதை நிர்ணயிப்பதே மணலின் வெப்பம் அல்லவா? மேலும், உதிர்ந்த சருகு மெத்தையாகப் படிய, மணல்மேட்டைக் கட்டிக்காத்த அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் மறைகின்றன.

எனக்குச் சோறிட்ட மரத்தின் மீது இப்படி ஒரு குறையா என்று மனம் வருந்தியது. வீட்டுக்கு வந்து தந்தையாரிடம் சொன்னேன். அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, "கம்பை எங்கே ஊணணும்னு தெரியாதவன் சாரம் கட்டக்கூடாதுப்பா. அதுக்குக் கம்பு என்ன பண்ணும்?" என்றார்.

நண்பர்களே! நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் நாம் ஆண்டுதோறும் மரம் நடுகிறோம். கடற்கரையில் நடும்போது, அலையை ஒட்டிய மணலைக் கொடிகளுக்கும் ஆமைகளுக்கும் விட்டுவிடுவோம். அதற்குப் பின்னே புன்னையும் தாழையும் நிற்கட்டும். அதற்கும் அப்பால், வேறெதுவும் விளையாத மணற்காட்டில் சவுக்கை நடுவோம். அங்கே அதற்கு ஈடான தோழன் ஏழை மண்ணுக்கு இல்லை.