மழையை மாற்றும் மரங்கள்

சுட்டிகளே, நீலகிரியின் சோலைக்காட்டுக்குள் நிற்கும்போது மழை பிடித்தால், கொஞ்ச நேரம் உங்கள் தலையில் துளி விழாது. மழை விட்ட பிறகோ, காட்டுக்குள் வெகுநேரம் சொட்டிக்கொண்டே இருக்கும். இடையில் அந்த நீர் எங்கே இருந்தது?

மரத்தின் மேலேதான்! இலைகளும் கிளைகளும் அவற்றில் படர்ந்த பாசியும் முதலில் நனைய வேண்டும். சிறு தூறல் என்றால் அத்தனையும் அங்கேயே தங்கி ஆவியாகிவிடும். பல காடுகளில் ஆண்டு மழையில் 10 முதல் 30 விழுக்காடு இப்படித் தரையைத் தொடாமலே காற்றில் கலக்கிறது.

மீதி நீர் இரண்டு வழிகளில் இறங்குகிறது. பெரும்பகுதி இலை இடுக்குகளில் புகுந்தும், இலைகளில் பட்டுச் சொட்டியும் விழும். சிறு பகுதி கிளைகளில் ஓடி, அடிமரத்தில் வழிந்து, வேரடியில் சேரும். கொய்யா மரத்தின் வழவழப்பான பட்டையில் நீர் சீக்கிரம் வழியும். வேம்பின் வெடிப்பு விழுந்த பட்டையோ, தான் நன்றாக ஊறிய பிறகே நீரைக் கீழே விடும்.

பல இலைகளின் நீர் ஒன்றுகூடிச் சொட்டும் இடத்தில், திறந்தவெளியில் பெய்ததைவிட அதிக நீர் விழுவதும் உண்டு. நாலடி தள்ளி மண் லேசாகத்தான் நனைந்திருக்கும்.

நீரில் உள்ள சத்தும் மாறுகிறது. வானத்து மழைநீரில் உப்புகள் மிகக் குறைவு. அது இலைமேல் படிந்த தூசியைக் கழுவி எடுக்கிறது. வெந்நீரில் தேயிலைச் சாறு இறங்குவதுபோல, இலைக்குள் இருக்கும் பொட்டாசியமும் அதில் இறங்குகிறது. உழவர்கள் சாம்பல்சத்து என்பது இதைத்தான். இதனால் மரத்தடியில் சொட்டும் நீரில் பொட்டாசியம் பல மடங்கு கூடிவிடுகிறது. வேர் மேலே அனுப்பிய சத்தை மழை மறுபடி வேருக்கே கொண்டுவந்து தருகிறது!

உயரமான சோலைகளில் மேகமே காட்டுக்குள் நுழையும். அதன் நுண்துளிகள் இலையிலும் பாசியிலும் ஒட்டி, திரண்டு, சொட்டும். மழை இல்லாத நாளிலும் அங்கே மரத்தடி நனையும்.

நீங்களே அளந்து பார்க்கலாம். ஒரே அளவுள்ள, பக்கங்கள் நேரான டப்பாக்கள் ஐந்தை எடுங்கள். ஒன்றைத் திறந்தவெளியிலும், நான்கை ஒரே மரத்தடியில் வெவ்வேறு இடங்களிலும் வையுங்கள். மழை விட்டதும் நீரின் உயரத்தை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். நான்கும் ஒன்றாக இருக்காது. இடி மின்னல் இருந்தால் மரத்தடிக்குப் போகவே கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாதாரண மழைத்துளி பெரும்பாலும் 1 அல்லது 2 மில்லிமீட்டர் அகலம். இலையில் திரண்டு விழும் துளி 5 மில்லிமீட்டர் வரை இருக்கும். உயர்ந்த மரத்திலிருந்து அது விழும்போது வெறும் மண்ணைப் பறித்துவிடும். கீழே புதர்களும் சருகும் இருந்தால் அந்த அடியை அவை வாங்கிக்கொள்ளும். நீர் மெதுவாக மண்ணுக்குள் இறங்கும். ஆகவே மரத்தடிச் சருகைக் குப்பை என்று கூட்டி எரிக்காதீர்கள். மரமும் புதரும் சருகும் சேர்ந்திருந்தால்தான் மழை மண்ணுக்கு நல்லது செய்யும்.