உறைபனியும் பீட்ரூட் பயிரும்

மார்கழி விடியலில் சாமல்பட்டிப் பக்கத்து வயல்களைப் பார்த்திருப்பீர்கள். புல் நுனிதோறும் பனித்துளி நிற்கும். அதே வேளையில் உதகமண்டலத்துப் புல்வெளி உப்பைத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கலாம். அதுவே உறைபனி. ஓர் இரவிலேயே ஒரு பருவத்து உழைப்பை அது அழித்துவிடும்.

உறைபனி வானிலிருந்து விழுவதில்லை. பகலில் பெற்ற வெப்பத்தை நிலமும் செடியும் இரவில் அகச்சிவப்புக் கதிர்களாக வெளிவிடுகின்றன. மேகம் இருந்தால் அது கம்பளிபோல் அமைந்து, வெப்பத்தில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். வானம் தெளிந்து, காற்றும் அசையாதிருந்தால் இலை, காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்ந்துவிடும். எனவே நான்கடி உயரத்து வெப்பமானி 3 டிகிரி செல்சியஸ் காட்டும்போதே தரையில் உறைபனி படியலாம். குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேட்டுப் பயிர் தப்பப் பள்ளத்துப் பயிர் கருகுவது இதனால்தான்.

நீலகிரியில் விளையும் பீட்ரூட்டும் ஐரோப்பாவில் சர்க்கரை எடுக்கப் பயிரிடும் பீட்ரூட்டும் ஒரே சிற்றினத்தைச் சேர்ந்தவை. அங்கு வசந்தத்தில் விதைத்து, இலையுதிர் காலத்தில் கிழங்கைத் தோண்டுவர். முந்தி விதைத்தால் கிழங்கு பருக்க நாள் கிடைக்கும். ஆனால் இளஞ்செடி உறைபனியில் சிக்கலாம். பிந்தினால் விளைச்சல் குறையும். 2021 ஏப்ரலில் பிரான்சில் உறைபனி தாக்கி, பல்லாயிரம் எக்டேரில் மீண்டும் விதைக்க நேர்ந்தது. வட இந்தியச் சமவெளியிலோ கணக்கு தலைகீழ்! அங்கு அக்டோபர் வாக்கில் விதைத்து, கடுங்கோடைக்குள் தோண்டிவிட வேண்டும்.

உறைபனியைத் தடுக்க வழி உண்டா? மாலையில் நீர் பாய்ச்சினால் ஈரமண் பகல் வெப்பத்தை நன்கு தேக்கி, இரவில் மெல்ல வெளிவிடும். இரவில் நீர் தெளிப்பதும் உதவும். ஒரு கிராம் நீர் உறையும்போது 80 கலோரி வெப்பம் வெளிப்படுகிறது அல்லவா? அந்த வெப்பமே இலையைக் காக்கிறது. ஆனால் பனிக்கட்டி உருகும்வரை தெளிப்பை நிறுத்தலாகாது. இடையில் நிறுத்தினால் ஆவியாகும் நீர் இலையை மேலும் குளிர்விக்கும். நாற்றுகளை மாலையிலேயே தழையால் மூடுவது எளிய வழி.

நீங்களும் சோதிக்கலாம். மேகமற்ற இரவில் ஒரு வெப்பமானியைப் புல்மீதும் மற்றொன்றை நான்கடி உயரத்திலும் வைத்து, விடியுமுன் அளவிடுங்கள். புல்மீதுள்ளது குறைவாகக் காட்டும். மலைவாழ் உழவர் மாலையில் வானத்தை அண்ணாந்து பார்ப்பது ஏன் என்பது அப்போது விளங்கும்.